டக்னியாவின் பெயர் நாள்

அக்டோபர் 27
டிராமில் ஒருவர் என்னையே உற்றுப் பார்த்தார். "நீங்க 'நீலக் குடை' பாடின வெல்காதானே? இன்னும் இருக்கீங்களா!"

இருக்கிறேன் ஐயா. தினமும் காலையில் ரீகா நகரம் முழுவதற்கும் வானொலியில் கத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

நிலையத் தலைவர் ஒட்டோமார்ஸ், காலை நிகழ்ச்சியை யாராவது சின்னப் பெண்ணுக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறாராம். பாட்டு போன பிறகு எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். பயமாக இருக்கிறது.

அக்டோபர் 30
தொண்டை கட்டிவிட்டது. தேன், இஞ்சி, எரிச்சல்.

நவம்பர் 3
தொலைந்தேன்.

நாள்காட்டியில் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். எங்கள் ஊரில் ஒவ்வொரு தேதியும் ஒரு பெயருக்குரியது; அந்தப் பெயர்க்காரர்களைக் காலையில் வானொலியில் வாழ்த்துவது என் வேலை. இன்று டக்னியாக்களின் பெயர் நாள். நான் நாளைக்குரிய ஒட்டோமார்ஸ்களுக்கு வாழ்த்துச் சொல்லித் தொலைத்தேன். தலைவர் பெயராயிற்றே என்று குழைந்து குழைந்து வேறு!

தலைவரின் மனைவி பெயர் டக்னியா.

மாலையில் தலைவர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? வீடு நெறைய ஆளு! அவளுக்கு வர வேண்டிய பூவெல்லாம் என் கையில! அவ சுட்ட கேக்கைத் தின்னுட்டு என்னை வாழ்த்திப் பாடறாங்க. அவ சமையலறைக் கதவைச் சாத்திக்கிட்டா, வெளியவே வரல!"

"வந்தவங்க வீட்லல்லாம் காலண்டர் கெடையாதா சார்?"

"நாளன்னிக்கு ஆபீஸ்ல பேசிக்கறேன்."

வேலை போய்விடும் போலிருக்கிறது. ஆனாலும் ஓர் ஓரத்தில் பெருமை. காலண்டரை விட்டுவிட்டு என்னையல்லவா நம்பியிருக்கிறார்கள்!

நவம்பர் 4
பெயர் நாள் வீட்டுக்கு யாரும் அழைக்காமலே போகலாம். அந்தத் தைரியத்தில் டக்னியாவுக்குப் பூ வாங்கிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். அங்கே ஈ, காக்கைகூட இல்லை. வாழ்த்த வேண்டியவர்கள் எல்லாம் நேற்றே வாழ்த்திவிட்டார்களே.

கதவைத் திறந்தது டக்னியாதான். "மன்னிச்சுக்குங்க..." என்று ஆரம்பித்தேன்.

"எதுக்கு மன்னிப்பு? உள்ள வாங்க. கல்யாணமான நாள்லேர்ந்து வருஷா வருஷம் மொத நாள் எனக்கு விருந்து, மறுநாள் இவருக்கு விருந்து. ரெண்டு நாளும் அடுப்படியில வேகறது நான். இன்னிக்குத்தான் காலை நீட்டி உக்காந்திருக்கேன்!"

"நேத்து வெளியவே வரலைன்னு சார் சொன்னாரே?"

"அழுதேன்னு நெனச்சாரா? வந்தா காபி போடச் சொல்லுவாங்கன்னு ஒளிஞ்சுக்கிட்டேன்." பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "இவங்கள காலை நிகழ்ச்சியிலேர்ந்து மாத்தினீங்கன்னா, அடுத்த வருஷம் ரெண்டு கேக்கையும் நீங்கதான் சுடணும்!"

தலைவர் உள்ளேயிருந்து கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டக்னியா கேட்டதால் 'நீலக் குடை' பாடினேன். உச்சத்தில் குரல் கீச்சிட்டது. பாவம், கை தட்டினார்.

மறு ஆண்டு, நவம்பர் 3
விருந்து ஒன்றோடு போகட்டும் என்று டக்னியாவையும் ஒட்டோமார்ஸையும் ஒரே மூச்சில் வாழ்த்தினேன். ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலைவர் எதுவும் காதில் விழாதவர் போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.