பட்டாணிக்கு இரண்டு பாஸ்போர்ட்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. நலமா என்று நான் கேட்டு, நலம் என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் தாள் தீர்ந்துவிடும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் இருவரும் பத்திரமாக இருக்கிறார்கள். ஆனால் என் வீட்டில் இருக்கிறார்கள். இந்நேரம் உங்கள் வீட்டில் இருந்திருக்க வேண்டியவர்கள்.

போனில் அரைகுறையாகச் சொன்னேன். முழுதாகச் சொல்ல முடியவில்லை. பட்டாணி என் காலடியிலேயே உட்கார்ந்துகொண்டு, எல்லாம் தன்னால்தானா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வயதுப் பிள்ளை இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசிவரை படியுங்கள்.

அன்று காலை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பெட்டிகளை எடை போட்டு, நீங்கள் அனுப்பிய சம்மதக் கடிதத்தைக் காட்டி, விமானக் கம்பெனிப் பெண்ணிடம் இருவரையும் ஒப்படைத்தோம். அழுகையெல்லாம் வாசலோடு முடிந்தது. என் வீட்டுக்காரி, உங்களை வாய் நிறைய அண்ணன் என்று கூப்பிடுகிறவள், கார் நிறுத்தியிருந்த இடம்வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். வண்டியைக் கிளப்பும்போது போன் வந்தது. என்னை உள்ளே வரச் சொன்னார்கள்.

குடியேற்ற அதிகாரியின் அறை என்றதும் பெரிதாக எதையும் நினைக்காதீர்கள். ஒரு கண்ணாடித் தடுப்பு, ஒரு மேசை, நூலில் கட்டிய பேனா, கடுமையான ஜலதோஷத்தோடு ஒரு அதிகாரி. மேசை மேல் நான்கு பாஸ்போர்ட்டையும் சீட்டு மாதிரி பரப்பி வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று. டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டு, லைசென்ஸ் ஆபீஸே கதி என்று பாதி ஆயுளைக் கழித்தவன் நான். அரசாங்க ஆபீஸ் என்றால் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று பீற்றிக்கொள்வேன் அல்லவா? அந்தப் பெருமையெல்லாம் அங்கே ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

சட்டம் சுலபம்தான். இங்கிருந்து கிளம்பும்போது இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், அங்கே இறங்கும்போது உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். பெரியவனுக்கு அப்படியே முத்திரை குத்தி, கவுண்டருக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். பட்டாணியின் இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டில் உள்ளே வந்த முத்திரையே இல்லை. அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "இந்தக் குழந்தை நாட்டுக்குள்ள வரவே இல்லையே" என்றார். குழந்தை என் மடியில் உட்கார்ந்து அவருடைய ஸ்டாப்ளரை அமுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள்.

முத்திரை உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டில் இருந்தது. சுற்றுலாப் பயணி, மூன்று மாதம் தங்கலாம். அந்த மூன்று மாதம் முடிந்து நாலு வருஷம் ஆகப் போகிறது.

அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உங்களுக்கும் இந்நேரம் விளங்கியிருக்கும். வைத்தியத்துக்காக என் தங்கையைக் கூட்டிக்கொண்டு நீங்கள் வந்து இறங்கிய நாள்தான். உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வரிசை, வெளிநாட்டவர்களுக்கு ஒரு வரிசை, இரண்டும் அனுமார் வால் போல நீண்டு கிடந்தன. எது முதலில் நகர்கிறது பார்க்கலாம் என்று நீங்கள் இரண்டு பேரும் பந்தயம் கட்டினீர்கள். அவள் பெரியவனை இழுத்துக்கொண்டு உள்ளூர் வரிசையில் போனாள், நீங்கள் தோளில் தூங்கிய பட்டாணியோடு மற்றதில் நின்றீர்கள். அவள்தான் ஜெயித்தாள். நிற்கக்கூட முடியாதவள், பெட்டி தள்ளும் வண்டி மேல் ஏறி உட்கார்ந்து, பின்னால் வந்த உங்களைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள். நான் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு, போய்ச் சேரும்வரை, அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவே இல்லை. அதனால் இந்த விஷயத்தில் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போய் மறுகல்யாணம் செய்துகொண்டது மாதிரி வேறு விஷயங்களில் வரும்.

பெரியவன் செய்ததைக் கேளுங்கள். முத்திரை விழுந்துவிட்டதால் சட்டப்படி அவன் நாட்டை விட்டே போய்விட்டவன். ஆனால் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் நின்றான். அவனையாவது விமானத்தில் ஏற்றிவிடலாம் என்றாள் விமானக் கம்பெனிப் பெண். நானும் போ, போ என்று கையை ஆட்டினேன். அவன் முதுகுப்பையைக் கழற்றித் தரையில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டான். பதின்மூன்று வயதில் அப்படி ஒரு கல்லுளிமங்கன். அவனைத் திரும்ப உள்ளே எடுக்க, குத்திய முத்திரையை ரத்து செய்து அதன் மேல் இன்னொன்று குத்த வேண்டியிருந்தது. அதிகாரி அவனைத் திட்டினார், தும்மினார், பிறகு குத்திக் கொடுத்தார். நல்ல மனுஷன்தான்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, பட்டாணி இந்த நாட்டுப் பிள்ளைதான், வரிசை மாறி வந்துவிட்டாள் என்று நிரூபிப்பது. அதற்குத் தாயோ தகப்பனோ நேரில் வந்து நிற்க வேண்டும், பிறகு விசாரணை நடக்கும், ஒரு வருஷமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். இன்னொரு வழியும் சொன்னார். அதை இப்போது எழுத எனக்கு மனசில்லை.

தாய் வர முடியாது. நீங்கள் வர முடியும். பெற்றவன் என்று வந்து நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், மற்றதற்கு நான் அலைந்துகொள்கிறேன். எதற்கு இந்த அவசரம் என்பது உங்களுக்கும் எனக்கும் டாக்டருக்கும்தான் தெரியும். என் வீட்டுக்காரிக்கு, அதாவது உங்கள் தங்கைக்கு, பாதி தெரியும். பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது, மாமா பட்டினி கிடந்து உடம்பைக் குறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பாடம் எடுப்பதை நிறுத்திவிட்டேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கக்கூடக் காலில் வலு இல்லை. ஆகவே யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதாதீர்கள். கிளம்பி வாருங்கள்.

உங்கள் வீட்டில் அவர்களுக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாசமாக இருப்பவர்களைக் கவலைப்பட வைக்க எனக்கும் விருப்பமில்லை.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்த்து வாசலைப் பார்த்திருக்கும்
மைத்துனன்

*

மாப்பிள்ளைக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. பிரசவத்தில் ஏதோ சிக்கல் என்கிறார்கள், இந்த நேரத்தில் விட்டுவிட்டு வர முடியாது, உங்களுக்குச் சரியென்று படுவதைச் செய்யுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் கெட்ட வார்த்தை நாலு சொன்னேன். சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது, உட்கார்ந்துவிட்டேன். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையை விட்டு வா என்று நானும்தான் எப்படிச் சொல்வேன்? ஆனால் கோபம் போய்விட்டது என்று எண்ண வேண்டாம்.

இந்தக் கடிதத்தைப் பெரியவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் கை என்றால் இரண்டு பேரும் வருகிறார்கள் என்று அர்த்தம். எப்படி என்று சொல்கிறேன்.

உங்கள் தங்கைக்கு இப்போது முழுதும் தெரியும். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மருந்துக் கடையில் காட்டி, இது எதற்குக் கொடுப்பது என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். என்னிடம் சண்டை போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை. பாத்திரம் கழுவி முடித்துவிட்டு வந்து, பெரியவன் போகட்டும், பட்டாணி இங்கேயே இருக்கட்டும் என்றாள். "அவருக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. அவருக்கு இன்னொண்ணும் வரப்போகுது. எனக்கு யாரு வருவா?" என்றாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசையாக இருந்தது. பட்டாணி தினமும் சாயங்காலம் என் முதுகில் ஏறிக் காலை இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் போட்டுக்கொண்டு கியர் மாற்றச் சொல்வாள். இப்போது எனக்கு வலிக்கிறது, ஆனாலும் மாற்றுகிறேன். அதை எதற்காக விட்டுக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. குடியேற்ற ஆபீஸ் பக்கமே போகாமல் சாக்குச் சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

பிறகு ஒரு நாள் பெரியவன் அவளைச் சமையலறையில் ஸ்டூல் மேல் நிற்க வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். பாலை எப்படிப் பொங்காமல் பார்ப்பது, ஷூ லேஸை எப்படிக் கட்டுவது, பள்ளிக்கூடத்தில் யாராவது அடித்தால் யாரிடம் சொல்வது. அவள் லேஸைத் தப்பும் தவறுமாகக் கட்டினாள். அவன் பொறுமையாக அவிழ்த்து, திரும்பவும் கட்டு என்றான். தங்கையைத் தனியாக விட்டுப் போகத் தயாராகிவிட்டான் அந்தப் பையன். எங்கள் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான், மூச்சுக் காட்டவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. தாய் இல்லாத பிள்ளைகளுக்கு மிச்சம் இருப்பது ஒன்றுக்கு மற்றொன்றுதான். அதையும் ஆளுக்கு ஒன்று என்று பங்கு போட நாங்கள் யார்?

அதோடு இன்னொன்றும் உண்டு. வக்கீலிடம் கேட்டேன். நான் தாய்மாமன், ரத்த உறவு. உங்கள் தங்கை அப்படியில்லை. எனக்குப் பிறகு குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள அவளுக்கு எந்த உரிமையும் இல்லை, அதுவும் வெளிநாட்டுக் குழந்தை என்று கேஸ் நடக்கும்போது. யாராவது ஒரு புண்ணியவான் போட்டுக் கொடுத்தால் போதும், பட்டாணியைக் காப்பகத்துக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். இதைச் சொன்னபோதுதான் உங்கள் தங்கை அழுதாள். "நீங்களும் போயிடுவீங்க, அவளையும் அனுப்பிட்டா, காலையில எழுந்து நான் யாருக்கு டீ போடுறது?" என்று கேட்டாள். நான் எழுந்து போய் டீக்குத் தண்ணீர் வைத்தேன்.

ஆகவே அந்த இரண்டாவது வழி. பட்டாணி இந்த நாட்டுப் பிள்ளை இல்லை, வெளிநாட்டவள், அனுமதி முடிந்தும் தங்கியவள், வெளியேற்றலாம் என்று காப்பாளன் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவள் அம்மா அலைந்து திரிந்து வாங்கி வைத்த இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டைக் கத்தரிக்கோலால் மூலையை வெட்டி எடுத்துக்கொண்டார்கள். விரல் ரேகை எடுத்தார்கள். பிள்ளையின் விரல் மெஷினுக்குப் புரியாத அளவுக்குச் சின்னது. அந்த ஜலதோஷக்காரர் அவள் கட்டை விரலின் மேல் தன் விரலை வைத்து அமுக்கி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டில் சிவப்பு முத்திரை குத்தியிருக்கிறார்கள். பத்து வருஷத்துக்கு அவள் இந்த நாட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. அவளுக்கு ஏக சந்தோஷம். அண்ணனுக்கு எல்லாம் நீலம், தனக்கு மட்டும் சிவப்பு என்று அத்தையிடமும் தெருக்காரர்களிடமும் காட்டிவிட்டு வந்தாள். உங்களிடமும் காட்டுவாள். அழகாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியும் வயது வரும்போது, மாமா உன்னைத் துரத்தவில்லை என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். நான் எழுதிக் கொடுக்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

அவளைப் பற்றிச் சில விஷயங்கள். தூக்கத்தில் யார் மேலாவது கால் போடாவிட்டால் விழித்துக்கொள்வாள். தானாகத் திறக்கிற கதவுக்குப் பயப்படுவாள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டம்மாவை அம்மா என்று கூப்பிடச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம். சின்னம்மா போதும், மற்றது தானாக வந்தால் வரட்டும். பெரியவன் எதையும் கேட்க மாட்டான். அதனால் எதுவும் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். ராத்திரி அவன் அறைக்கு ஒரு நடை போய் எட்டிப் பாருங்கள்.

உங்கள் தங்கை மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. பெட்டி மட்டும் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். பட்டாணி வளர்ந்த பிறகு போடட்டும் என்று இரண்டு அளவு பெரிதாகச் சட்டைகள் தைத்து வைத்திருக்கிறாள். அதற்கு மேல் எவ்வளவு வளர்வாள் என்று தெரியாததால் நிறுத்திக்கொண்டாளாம்.

உங்கள் மூன்றாவது பிள்ளையும் சுகமாகப் பிறக்கட்டும். நீங்கள் நால்வரோ ஐவரோ எத்தனை பேரானாலும் ஒரே வரிசையில் நில்லுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். இதை மட்டும் முடியாது என்று சொல்லாதீர்கள். பத்து வருஷம் முடிந்த உடனே, ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாமல், பட்டாணியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது ஆகியிருக்கும். அவள் அத்தை விமான நிலையத்துக்கு வந்து நிற்பாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆகவே வீட்டுக்கு வர டாக்ஸி நீங்களே சொல்லிவிடுங்கள்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் மாமா