அண்டாவில் குடியிருந்த கிரேக்கர்

ஓய்,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். நீர் முதலில் போவீர். நீர் போனதும் வாசகசாலைக்காரர்கள் நம் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டை நிறுத்தப் பார்ப்பார்கள். கடைசியில் நான்தான் ஜெயிப்பேன். மூன்றும் பலித்தன. என் கையில் இன்னும் புளி வாசனை போகவில்லை. விடிந்ததும் உம்முடைய செம்பு அண்டாவை நானே உட்கார்ந்து விளக்கினேன். கடையில் பாத்திரம் விளக்க ஆள் இல்லாமல் அல்ல. அந்த அண்டாவில் இனி வேறு யார் கையும் படக்கூடாது, எந்தக் கல்யாணத்துக்கும் அது வாடகைக்குப் போகாது.

வலியசாலையில் பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கும் எட்டாம் வகுப்புக்காரனுக்கும் கிரேக்க ஞானிகளுக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரே கேட்டது. சம்பந்தத்தை உண்டாக்கியது நீர். டைப்பிஸ்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு தடிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தீர். ஜாடிக்குள் குடியிருந்த ஒரு கிரேக்கனைப் பற்றி வாசித்தீர். பாதியில் நிறுத்தி, மூலையில் கிடந்த அண்டாவைப் பார்த்தீர். வேட்டியை மடித்துக் கட்டி உள்ளே இறங்கி உட்கார்ந்து, "இனி எங்கிட்ட கேளும் ஓய், என்ன வேணும்னாலும்" என்றீர்.

அன்றைக்கு உண்டானதுதான் நம் சட்டம். அண்டாவுக்குள் இருப்பவரிடம் யாரும் எதையும் கேட்கலாம். 'தெரியாது' என்று சொன்னால் மட்டுமே அவர் வெளியே வரலாம். செம்புக்குள் இருந்து பேசினால் யார் குரலும் ஞானியின் குரலாகிவிடும். நீர் கொஞ்ச நேரத்திலேயே தெரியாது என்று சிரித்துக்கொண்டு எழுந்துவிடுவீர். நான் அந்த வார்த்தையை ஒரு நாளும் சொன்னதில்லை. விளக்கு வைத்த பிறகு என்னைக் குண்டுக்கட்டாகத் தூக்கித்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

ஆமையை எந்த வீரனாலும் ஓடி முந்த முடியாது என்று ஒரு கிரேக்கன் கணக்குப் போட்டானே, அதைச் சோதிக்க நீர் ஆமையாகவும் நான் வீரனாகவும் சாலைக் கடைத்தெருவில் டீக்கடையை நோக்கி இறங்கினோம். நீர் நின்ற இடத்துக்கு நான் வருவேன். அதற்குள் நீர் கொஞ்சம் நகர்ந்திருப்பீர். மறுபடி அங்கே வருவேன். பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டன, ஜனசமுத்திரம். சரி, இரண்டு ஆட்டோவும் ஒரு பசுவும். நாம் போய்ச் சேருவதற்குள் டீக்கடைக்காரன் ஷட்டரை இறக்கிவிட்டான். "ஆமைதான் ஜெயிச்சது, கேட்டோ" என்று நீர் டீ இல்லாமலே குதூகலித்தீர். எல்லாம் தண்ணீர்தான் என்றவனை, மழை வெள்ளம் கடைக்குள் ஏறிய அன்று, மிதந்துபோன வாளிகளைத் துரத்திக்கொண்டே வாசித்தோம். பயறு தின்னக்கூடாது என்று சீடர்களைத் தடுத்த ஞானிக்காக, ஒரு மழைக்காலம் முழுக்க நீர் கஞ்சிக்குப் பயறு தொடவில்லை. உம் வீட்டுக்காரியான மதினி உம்மை ஏசியது என் கடை வரை கேட்டது.

கூட்டம் பெருகி வாசகசாலைக்கு மாறினோம், அண்டாவும் கூட வந்தது. அதைத்தான் உம் படத்துக்கு மாலை போடும் நாளில் எடுத்துவிடச் சொன்னான் செயலாளர்.

"மாமா, இது அனுஸ்மரணக் கூட்டமாக்கும். அண்டா வேண்டாம். இனிமே ஞாயித்துக்கிழமையும் புரொபசர் வந்து மரியாதையா கிளாஸ் எடுப்பாரு. தத்துவம் தமாஷ் இல்லல்லோ."

"தமாஷ் இல்லேன்னு எந்த கிரேக்கன்டே உன்னிட்ட வந்து சொன்னான்?"

"மாமா எட்டாங்கிளாஸ் தானே?"

"ஆமா. அவனுவ அதுவும் படிக்கல."

நேற்றுக் கூட்டத்தில் எழுந்து, நீர் ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னேன். என் கையைப் பிடித்து, "அண்டாவ விட்டுராதீரும் ஓய். சிரிக்காம வாசிச்சா அந்தக் கிரேக்கனுவ ரெண்டாம் தடவ செத்துருவானுவ" என்றீரே, அதை. செயலாளர் மதினி பக்கம் திரும்பினான்.

"அத்தே, இது நேராணோ? மாமன் அப்படிச் சொன்னாரா?"

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். "அவரு சொல்லாம இருப்பாராக்கும்?"

அவ்வளவுதான். அண்டா உருண்டு உள்ளே வந்தது, நான் இறங்கி உட்கார்ந்தேன். கேள்விகள் பறந்தன. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், பாதி சரியாகக்கூட இருந்திருக்கும். சிரிப்பில் உம் படமே ஆடியது. அப்போது மதினி கேட்டார்கள்: "உங்க கூட்டுக்காரர் இப்ப எங்க இருக்காரு, கொழுந்தனாரே?"

என் மூச்சுச் சத்தத்தையே செம்பு எனக்குத் திருப்பித் தந்தது.

"தெரியாது மதினி" என்றேன்.

யாரும் தூக்கவில்லை. நானே வெளியே வந்தேன். தடுமாறினேன் என்று சொல்வார்கள், நம்பாதீர். வாசலில் செயலாளர் பின்னாலேயே வந்து மெல்லக் கேட்டான்: "அடுத்த ஞாயித்துக்கிழமை அண்டாவுக்குள்ள நான் கேறட்டா மாமா?"

இனி ஒன்றே ஒன்று. விஷம் குடித்துச் செத்த ஞானியின் கடைசிப் பேச்சையெல்லாம் எழுதிவைத்த சீடன், அன்றைக்கு அங்கே இல்லவே இல்லையாம், உடம்புக்கு முடியவில்லையாம். "இல்லாதவனாக்கும் நல்லா எழுதுவான்" என்று சிரிப்பீரே. நான் அவனைவிட ஒரு படி மேல். உம் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தும் எழுதியவன். அண்டாவைப் பற்றி நீர் மூச்சுக்கூட விடவில்லை. மதினியைப் பார்த்து, "கஞ்சிக்குப் பயறு உண்டா?" என்று மட்டும்தான் கேட்டீர். மற்றதெல்லாம் என் கைவேலை. மறுப்பதானால் நேரில் வாரும். அண்டா விளக்கித்தான் வைத்திருக்கிறது.