பதில் சொல்லப்படாத சலாம்

என் உயிரான வாப்பாவுக்கு,

கடிதம் என்றால் சலாம் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று எனக்கு எழுதப் பழக்கியவர் நீங்கள். இந்தமுறை அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். கோபிக்காதீர்கள். மண்ணுக்குள் இருப்பவருக்குச் சொல்லும் சலாம் என்ன செய்யும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

முதலில் ஊர்ப் புதினம். கரைவாகு வயலில் வெட்டு முடிந்துவிட்டது. விளைச்சல் பழுதில்லை. உங்கள் மருமகன் இங்கிலாந்துக்குப் போய்ப் படித்து வந்த விவசாயப் படிப்பு நம்மூர் எலிகளிடம் செல்லுபடியாகவில்லை. அதை நீங்கள் முன்பே சொன்னீர்கள், இப்போது அவரும் ஒத்துக்கொள்கிறார். உங்கள் நாற்பதாம் நாள் கத்தம் ஓதியாகிவிட்டது. மருதமுனையில் இப்போதெல்லாம் மகரிபு தொழுகைக்கு முன்னரே தெரு அடங்கிவிடுகிறது. படையினரின் ஜீப் வரும் சத்தம் கேட்டால் அடுத்த வீட்டுத் தறிகூட நின்றுவிடும். காலம் கெட்டுக் கிடக்கிறது, நல்ல நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று உங்களைப் பற்றிச் சிலர் சொல்கிறார்கள்.

போய்ச் சேர்ந்துவிட்டீர்களா, வாப்பா? அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

உம்மா உயிரோடு இருந்திருந்தால் உங்கள் மருமகன் படிக்கும்போது நாங்கள் குடியிருந்த அந்த இங்கிலாந்துக் கிராமத்தை நீங்கள் கண்ணால் கண்டிருக்க மாட்டீர்கள். தலைப்பிள்ளைக்கு உம்மாதான் பக்கத்தில் இருக்க வேண்டும். உம்மா இல்லாததால் நீங்கள் வந்தீர்கள். சாரனுக்கு மேல் இரவல் கோட்டும், பை நிறையப் பிள்ளைப்பேற்று மருந்துச் சரக்குமாக வந்து இறங்கிய உங்களைப் பார்த்து அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். உங்கள் பிரயாணத்துக்காக ஒரு துண்டு வயலை ஈடு வைத்ததையும் நான் அறிவேன், மறைத்தது வீண்.

மருத்துவிச்சி என்னைத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தாள். ஊரைச் சுற்றி ஏற்ற இறக்கமில்லாத லேசான பாதைகள் இருந்தன. தபால் கந்தோர்ச் சுவரில் அவற்றின் படமே ஒட்டியிருந்தது.

“எங்க போறதுக்குப் புள்ள நடக்கிற?” என்று கேட்டீர்கள்.

“எங்கயும் இல்ல வாப்பா. சுத்திப்போட்டுத் திரும்பி வாறதான்.”

“போய்ச்சேர ஒரு இடமில்லாம ஒரு பயணமா?”

ஆனாலும் உங்களுக்கு அது பிடித்துப்போனது. கோதுமை வயலின் நட்டநடுவே ஊராருக்கு நடக்க வழி விட்டிருந்ததைப் பார்த்து, “அடுத்தவன்ட வெள்ளாமைக்குள்ளாலயா?” என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டீர்கள். ஒவ்வொரு வயல் எல்லையிலும் ஒரு படலை, மரக் கதவு. ஆடு வெளியேறாமல் இருக்க, கடைசியாகப் போகிறவர் அதைச் சாத்த வேண்டும் என்பது அங்கே சட்டம். நீங்கள் பிஸ்மி சொல்லி, படலையைக் கொஞ்சம் தூக்கி, குழந்தையைப் பாயில் கிடத்துவது போல மெல்ல வைப்பீர்கள். நான் அடித்துச் சாத்துவேன். அதற்கு உங்களிடம் தினமும் ஏச்சு வாங்குவேன்.

அந்த ஊரின் கோடை வெளிச்சம் நமக்குப் பழகவேயில்லை. பின்னேரத்து அசர் தொழுது எவ்வளவோ நேரமாகியும் வெயில் போகாது. மஞ்சளாக அப்படியே நிற்கும், நிழல்கள் மட்டும் நீண்டுகொண்டே போகும். வழியில் ஒரு ஆள் தென்படாது. அப்படி ஒரு பொழுதில்தான் பாதை நம்மைத் தேவாலயத்துப் பின்பக்கம் கொண்டுபோய் விட்டது. பாசி பிடித்த கற்கள், ஒன்றோடொன்று கதைப்பது போலச் சாய்ந்து நின்றன. அது என்ன இடம் என்று நான் யோசிப்பதற்குள் உங்கள் வாய் முந்திக்கொண்டது. மௌத்தானவர்களை அடக்கிய மையவாடியைக் கடக்கிறபோது நம்மூரில் எல்லார் வாயும் தானாகச் சொல்கிற சலாம்தான்.

“அஸ்ஸலாமு அலைக்கும், கபுறாளிகளே.”

சொல்லிவிட்டுத்தான் சிலுவையைப் பார்த்தீர்கள். “அல்லாஹ், ஆருக்குச் செல்லிட்டன்?” என்றீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. என் வயிற்றைப் பார்த்தீர்கள்.

வெளிப்படலையை நான்தான் சாத்தினேன், வழக்கம் போல அடித்து. கொஞ்ச தூரம் நடந்திருப்போம். பின்னால் படலை திறந்தது. ஒரு ஆள் நுழைகிற நேரம் பொறுத்தது. பிறகு சாத்திக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை.

“காத்து வாப்பா.”

நீங்கள் கோதுமையைக் காட்டினீர்கள். ஒரு கதிர் அசையவில்லை.

“காத்து திறக்கும். ஆள் வார மட்டும் பொறுத்து நிண்டு பூட்டாது,” என்றீர்கள். பிறகு, “நீ முன்னுக்கு நட மகள்,” என்றீர்கள்.

அதுவரை எனக்கு முன்னால் முள்ளை விலக்கிக்கொண்டு நடந்த நீங்கள் அன்றிலிருந்து என் பின்னால் வந்தீர்கள். எந்தப் பாதையானாலும், எந்தப் படலையானாலும், நாம் சாத்திய பிறகு அது இன்னொரு முறை திறந்து மூடியது. எதிரே நாயோடு வருகிற கிழவி நமக்குத் தலையசைத்துவிட்டுப் போவாள். அவளுடைய நாய் மட்டும் வழியில் குந்திக்கொண்டு உங்களுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேன். நீங்கள் வயல் விவகாரம் கதைப்பது போல நிதானமாகச் சொன்னீர்கள்.

“சலாத்துக்குப் பதில் கடமை. அந்த மனுசனுக்குப் பதில் தெரியா. பதில் செல்லாமப் படுக்கவும் ஏலா. அதான் வாறாரு.”

“அப்ப நீங்களே செல்லிக் குடுங்களன்.”

“வயித்துல புள்ளயோட நீ நிக்கக்குள்ள மையித்தோட கதைக்கவா? அவர் என்னோட வரட்டும். ஒனக்குக் கிட்ட வராட்டிப் போதும்.”

நஸ்ரின் சுகமாகப் பிறந்தாள். நாற்பது கழிந்ததும் நீங்கள் ஊருக்குத் திரும்பினீர்கள். அடுத்த நாள் நான் பிள்ளையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அதே பாதையில் போனேன். படலையைச் சாத்திவிட்டுக் காத்து நின்றேன். ஒன்றுமில்லை. ஒவ்வொரு படலையிலும் நின்று பார்த்தேன். நான் சாத்தினால் சாத்தியதுதான். அப்போதுதான் எனக்கு உண்மையாகப் பயம் பிடித்தது, வாப்பா. அவர் அந்த ஊரில் இல்லை. உங்களோடு போய்விட்டார்.

நாங்கள் ஊருக்கு வந்தபோது அதைக் கண்ணால் கண்டேன். வயலுக்குப் போகிற வரம்பில், மாடு இறங்காமல் நாம் போட்ட மரப்படலையைத் தாண்டிய பிறகும், நீங்கள் அதைப் பிடித்தபடி கொஞ்சம் நிற்பீர்கள். வெட்டுக்கு வந்தவர்கள் பகிடி பண்ணுவார்கள்.

“போடியார், ஆருக்குப் படலை புடிக்கிறீங்க?”

“ஒரு கூட்டாளிக்கு.”

வயது போய்விட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். என்னை மட்டும் ஒருநாளும் உங்களுக்குப் பின்னால் நடக்க நீங்கள் விட்டதில்லை.

இந்தப் போகத்து வெட்டுத் தொடங்க முன்னர், ஸுபஹு தொழுத பாயிலேயே சாய்ந்துவிட்டீர்கள். நல்ல மௌத்து என்று ஊரே சொன்னது. குளிப்பாட்டி, கபனிட்டு, கிப்லாவைப் பார்க்க உங்களைப் படுக்க வைத்தார்கள். இனி வாப்பா நடக்கத் தேவையில்லை என்று நினைத்து அழுதேன். அவரும் உங்களோடு அடங்கியிருப்பார் என்றும் நினைத்தேன்.

போன கிழமை வெட்டுக்காரருக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். நஸ்ரினும் கூட வந்தாள். திரும்பும்போது அசர் நேரம், வெயில் அந்த ஊரில் நின்ற மாதிரியே மஞ்சளாக நின்றது. வரம்பில் வேறு ஆள் இல்லை. படலையை அடித்துச் சாத்திவிட்டு நடந்தேன்.

பின்னால் அது திறந்தது. கொஞ்சம் தூக்கி, மெல்ல வைத்த சத்தம். மரம் மரத்தைத் தொட்டதும் தெரியாத சத்தம். அப்படிச் சாத்த இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

என் கால் ஓடவில்லை. சந்தோசமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வாப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அப்போது படலை இன்னொரு முறை திறந்தது. ஒரு ஆள் நுழைகிற நேரம் பொறுத்தது. சாத்திக்கொண்டது.

“உம்மா, நம்மளுக்குப் பின்னால ஆரு படலை பூட்டுற?” என்று நஸ்ரின் கேட்டாள்.

“நீ முன்னுக்கு நட மகள்,” என்றேன். என் வாயிலிருந்து உங்கள் குரல் வந்தது.

வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. முதலில் நான், பிறகு நீங்கள், உங்களுக்குப் பின்னால் அவர். மண்ணுக்குள் வைத்த பிறகும் நீங்கள் எனக்கும் அவருக்கும் நடுவில்தான் நடக்கிறீர்கள். இது என்ன வேலை வாப்பா? உங்களைப் படுக்க வைத்தது இதற்காகவா? உங்கள் முழங்கால் நோவு உங்களுக்கு நினைவில்லையா? எனக்குக் கோபம் வருகிறது. கோபம் போன பிறகு வருவதை எழுத முடியவில்லை.

இப்போது என் வயிற்றில் பிள்ளை இல்லை. பயப்படக் காரணமும் இல்லை. நஸ்ரினைத் தகப்பனோடு வீட்டில் விட்டுவிட்டு, நாளை அசருக்குப் பிறகு நான் தனியாக வருவேன். படலையைத் திறந்து பிடித்தபடி நிற்பேன். நீங்கள் முதலில் வாருங்கள், என்னைத் தாண்டி நேரே மையவாடிக்குப் போங்கள், திரும்பிப் பார்க்காதீர்கள். அவரிடம் நான் கதைக்கிறேன். நாக்குத் திரும்பாத வயதில் நீங்கள் எனக்குச் சொல்லித் தந்தது போலவே, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுக்கிறேன். வ அலைக்குமுஸ் ஸலாம். அவர் அதைச் சொல்லி முடிக்கும்வரை படலையை விட மாட்டேன். இது என் வாக்கு.

பிறகு அதை மெல்லச் சாத்துவேன், உங்களைப் போல. அதற்குப் பிறகு எனக்குப் பின்னால் ஒரு படலையும் திறக்காது. அதை நினைத்துத்தான் இந்த இடத்தில் பேனையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தேன்.

கடைசிக்கு வைத்ததை இப்போது சொல்கிறேன். அஸ்ஸலாமு அலைக்கும், வாப்பா. உங்களுக்குத்தான் பதில் தெரியுமே. சொல்லிவிட்டுப் படுங்கள்.

இத்தனை காலமும் உங்களுக்கு முன்னால் நடந்த மகள்,
ஹபீபா