நகர்த்தியதைத் திரும்பக் கேட்கலாமா

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் நலம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்களும் என் மகளும் கோர்ட்டில் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டு ஏழு மாதம் ஆகிறது. இன்னும் மாப்பிள்ளை என்று எழுதுவது முறையா என்று தெரியவில்லை. வேறு வார்த்தை கிடைக்கும்வரை இதுவே ஓடட்டும்.

எழுதுவது நம் ஆன்லைன் சதுரங்கம் பற்றி. நேற்று குதிரையை நகர்த்திவிட்டு 'திரும்பப் பெற' என்ற பொத்தானை அழுத்தினேன். கண்மூடித் திறப்பதற்குள் நீங்கள் சம்மதித்துவிட்டீர்கள். இதற்கு ஏதாவது மரியாதை முறை உண்டா? விரல் தவறினால் மட்டும்தான் கேட்கலாமா, புத்தி தவறினாலும் கேட்கலாமா? எதிரெதிரே உட்கார்ந்து ஆடினால், தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். இங்கே முகம் தெரியாததால் எனக்கு வெட்கமும் குறைந்துவிட்டது. விளக்கி எழுதவும்.

அன்புடன்,
மாமா

மார்ச் 6

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். மருந்துக்கடையில் இரண்டு நாளாக ஒரே கூட்டம், அதனால்தான் தாமதம்.

எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லை. விரல் வழுக்கியதற்குக் கேட்டால் கொடுப்பதுதான் கௌரவம். யோசிக்காமல் ஆடிவிட்டுக் கேட்டால் மறுக்கலாம், அதில் தப்பில்லை. ஓர் ஆட்டத்தில் இரண்டாவது தடவை கேட்பது அழகில்லை என்பார்கள். அதெல்லாம் முன்பின் தெரியாதவர்களுக்கு. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள், கொடுக்கிறேன். மாப்பிள்ளை என்றே எழுதுங்கள். எனக்கும் வேறு வார்த்தை தெரியவில்லை.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

ஏப்ரல் 19

அன்புள்ள மாமாவுக்கு,

கேளுங்கள் கொடுக்கிறேன் என்று சொன்னவன் நான்தான். ஆனால் இன்றோடு இருபத்திரண்டு தடவை ஆகிவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

தப்பான நகர்த்தலைத் திரும்பக் கேட்டால் அர்த்தம் இருக்கிறது. போன வாரம் என் ராணி தப்பிக்க முடியாதபடி யானையை அருமையாகக் கொண்டுவந்து வைத்தீர்கள். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, அதையும் திரும்பக் கேட்டு வாங்கி, மூலையில் ஒரு சிப்பாயைத் தள்ளினீர்கள். மறுநாள் அந்தச் சிப்பாயையும் திரும்ப வாங்கினீர்கள்.

தவறாக நினைக்க வேண்டாம். கடைக்கு வருகிறவர்களைப் பார்க்கிறேன், மறதி இப்படித்தான் சின்னதாக ஆரம்பிக்கிறது. சாவியை எங்கே வைத்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? கூரியரில் சத்து மாத்திரை அனுப்பியிருக்கிறேன். காலையில் சாப்பிட்ட பிறகு ஒன்று. டாக்டரையும் ஒருமுறை பாருங்கள்.

கவலையுடன்,
மாப்பிள்ளை

ஏப்ரல் 24

மாப்பிள்ளை,

மாத்திரை டப்பா வந்து சேர்ந்தது. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. நாற்பது வருஷம் டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மற்றவர்கள் மிதிக்க மறந்த பிரேக்கையெல்லாம் மிதித்தவன் நான். எனக்கா மறதி?

இதை எழுதி இரண்டு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். கோபம் ஆறிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி கடைசியில் மகள் என்னிடம் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டாள். "இந்த ஆட்டத்த முடிச்சுக்குங்கப்பா. அதோட அவரை விட்டுடுங்க. நீங்க அந்த ஸ்க்ரீனைப் பாத்து சிரிக்கிறப்போ எனக்குத் தாங்கல" என்றாள். நானும் தலையாட்டிவிட்டேன். ஜெயித்தாலும் ஆட்டம் முடிந்துவிடும், தோற்றாலும் முடிந்துவிடும். அதனால்தான் வைப்பதும் எடுப்பதுமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் முறை கேட்டு எழுதியதும் இதற்காகத்தான்.

நான் ஏமாற்றுவது அவளையா, உங்களையா, என்னையே தானா என்று தெரியவில்லை. பதினோரு வருஷமாக உங்களோடு ஆடிப் பழகிவிட்டேன். உங்களை விட மனசு வரவில்லை.

மாமா

மே 2

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். படித்த கையோடு, இருமல் மருந்து கேட்ட ஒரு அம்மாவுக்கு வயிற்றுவலி மருந்தை எடுத்து நீட்டிவிட்டேன். நல்லவேளை, அவரே பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

உங்களிடமிருந்து அந்த வேண்டுகோள் வராத நாள் எனக்கும் நாளாக இல்லை. இந்த வீட்டில் தனியாக இருக்கும் என்னிடம் எதையாவது கேட்பவர் நீங்கள் ஒருவர்தான். ஆனால் அவளுக்குக் கொடுத்த வாக்கை, அவளுக்குத் தெரியாமல் நாம் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தடிப்பது நன்றாக இல்லை, மாமா. ஒரு வாரமாக இப்படியும் அப்படியும் யோசித்தேன். இன்று காலை நீங்கள் கேட்டபோது, முதல் தடவையாக 'மறுக்கிறேன்' என்பதை அழுத்தினேன். என் யானையையும் நகர்த்திவிட்டேன். இன்னும் இரண்டு நகர்த்தலில் முடிந்துவிடும்.

செய்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாப்பிள்ளை

மே 7

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கோபம் இல்லை. ஆட்டம் முடிந்தது, நீங்கள் ஜெயித்தீர்கள். வாழ்த்துகள்.

நான் திரையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். மகள் வந்து யார் ஜெயித்தது என்று கேட்டாள். சொன்னேன். அதற்கு மேல் மறைக்க முடியாமல் நான் செய்த திருட்டுத்தனத்தையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பலகைக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் பட்டியலை விரல் வைத்து எண்ண ஆரம்பித்தாள். கேட்டார், கொடுத்தார், கேட்டார், கொடுத்தார் என்று இருபத்தெட்டு வந்தது. பிறகு திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"வீட்டை விட்டு வந்த மறுநாளே திரும்பிப் போனேம்ப்பா. கோவத்துல பிரிஞ்சிடலாம்னு சொல்லிட்டேன், சொன்னதைத் திரும்ப எடுத்துக்கிறேன்னு வாசல்ல நின்னு கேட்டேன். சொன்னது சொன்னதுதான்னாரு. உங்களுக்கு இருபத்தெட்டு. எனக்கு ஒண்ணு குடுத்திருக்கக் கூடாதா?"

அவள் திரும்பி வந்து கேட்டதே எனக்கு இதுவரை தெரியாது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கொடுத்த வாக்குப்படி இனி நான் உங்களுக்கு எழுத மாட்டேன். அவள் கேட்டதற்கு உங்களிடம் பதில் இருந்தால், எனக்கு எழுதாதீர்கள். அவளுக்கு எழுதுங்கள்.

மாமா