அழிக்க முடியாத அழைப்பிதழ்

மார்ச் 3, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. பிரிக்பீல்ட்ஸ் நடைபாதை முழுதும் நீர். கடைக்கு இருபது நிமிடம் தாமதம்.

இன்றைய பணி: காதணி விழா அழைப்பு, மெய்ப்புப் பார்க்க. கோயில் அறிவிப்பு. அச்சு மை வாங்க.

பதினொரு மணிக்குக் கிள்ளானிலிருந்து ஓர் அம்மையார். மகளின் திருமண அழைப்பிதழை ஜனவரியில் என்னிடம் எழுதி வாங்கியவர். திருமணம் நின்றுபோயிற்று. காரணம் கேட்கவில்லை.

"அந்தக் கார்டு இன்னும் உங்க கடையில இருக்காம் அக்கா. மக சொல்றா. இங்கதான் தங்கி வேலைக்குப் போறா, ஆனா இந்தப் பக்கமே வர மாட்டேங்குறா, ஸ்டேஷனுக்குச் சுத்திக்கிட்டுப் போறா. ஞாயித்துக்கிழமை பூச்சோங்ல இருந்து பொண்ணு பாக்க வராங்க. அதுக்குள்ள எடுத்துடுங்க லா."

அச்சிட்ட படிகளை அன்றே வெட்டி எறிந்தாயிற்று என்றேன். எஞ்சியிருப்பது கணினியிலுள்ள கோப்பு மட்டுமே. அதையும் நீக்குவதாக வாக்களித்தேன்.

நீங்கவில்லை. வேறெங்கோ பயன்பாட்டில் உள்ளதாம். எங்கே என்று கணினி சொல்லாது.

மார்ச் 4, செவ்வாய்
வெயில். செய்து பார்த்தவை: எல்லா நிரல்களையும் மூடுதல். மறுதொடக்கம், மூன்று முறை. பெயர் மாற்றம். கட்டளை எழுதி அழித்தல். பயனில்லை.

முன்கடையில் அமரும் செல்வி: "யாராச்சும் கம்ப்யூட்டர் ஆள கூப்பிடலாமே அக்கா." தேவையில்லை என்றேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். கணினியையும் இலக்கணத்தையும் எவரும் கற்பித்ததில்லை; நானே கற்றேன்.

"அந்த ஃபைலும் உங்கள மாதிரிதான் போல. புடிச்சா விடாது" என்றாள்.

மதியம் மீன் கறி. உப்பு மிகுதி.

மார்ச் 6, வியாழன்
நம் கோப்புகளை வேறு எந்தக் கணினி திறந்து வைத்திருக்கிறது எனக் காட்டும் பட்டியல் ஒன்று உண்டு. இன்றுதான் கண்டறிந்தேன். அதில் ஒரே பெயர்: முன்கடைத் திரை.

வீதியை நோக்கிய திரை. மாதிரி அழைப்பிதழ்கள் நாள் முழுதும் ஓடும். எனக்கு உள்ளறை, செல்விக்கும் அதன் முதுகு மட்டுமே தெரியும். வெளியே சென்று நின்றேன். ஒன்பதாவதாக வந்தது. மணமகள் பெயர், மணமகன் பெயர், பெரிய எழுத்தில்.

மாதிரிகளில் சேர்த்தவள் நானே. வாசகம் சிறப்பாக அமைந்தது என்ற பெருமிதம். பின்னர் மறந்துபோனேன்.

திரையை நிறுத்தினேன். கோப்பு உடனே நீங்கியது. மற்ற மாதிரிகளோடு திரையை மீண்டும் ஓடவிட்டேன்.

அம்மையாருக்குத் தொலைபேசி. கடை வாசலில் இருந்தது, வைத்தவள் நான் என்றேன்.

"அதத்தான் சொல்லியிருக்கா. நான்தான் சரியா கேக்கல. எத்தன நாளா ஓடுச்சு?"

சொன்னேன். வைத்துவிட்டார்.

மார்ச் 7, வெள்ளி
மேகமூட்டம். செல்வி விடுப்பு, முன்கடையில் நான். காலை எட்டரை மணிக்கு எதிர்ப்புறம் ஒரு பெண். ஜனவரியில் மெய்ப்புப் பார்க்க வந்த, அம்மையாரின் மகள். திரையைப் பார்த்தபடி நின்றாள், முழுச் சுற்று முடியும்வரை. பிறகு சாலையைக் கடந்து, நம் கடை வாசல் வழியாகவே நிலையத்திற்கு நடந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

அவ்வழைப்பிதழின் வாசகம் இன்னும் மனப்பாடம். இங்கே குறித்து வைக்க எண்ணி முதல் சொல்லை எழுதினேன். அதையும் கோடிட்டு அடித்துவிட்டேன்.