தபால்தலை அளவில் அப்பா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் கை போனது. பொய் எழுத மனம் வரவில்லை. உன் மேல் எனக்கு அடங்காத கோபம். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேற்று எங்கள் மேற்பார்வையாளர் அம்மாவின் போனுக்கு உன் பதில் வந்தது. "அப்பா சூப்பரா இருக்காரு. நல்லா நிறம் வந்திருக்கு. நீதான்க்கா எல்லாத்தையும் பெருசு பண்ற. வருஷக் கடைசில வரேன்." இவ்வளவுதான். படித்ததும் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன்.

அந்தப் படத்தை அனுப்ப நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? அப்பாவுக்கு முடியவில்லை என்று போனில் சொன்னபோது நம்பாமல், போட்டோ அனுப்பு பார்க்கிறேன் என்றவன் நீ. எங்கள் தையல் கூடத்தில் கேமரா வைத்த போன் ஒன்றே ஒன்றுதான், மேற்பார்வையாளர் அம்மாவுடையது. காலில் விழாத குறையாகக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாங்கி வந்தேன்.

படம் உனக்கு என்றதும் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். சவரம் செய்துவிடச் சொன்னார். வெள்ளைச் சட்டை கேட்டார். காலர் கழுத்தில் நிற்கவில்லை. பின்பக்கம் மடித்து நானே ஊசி குத்தினேன். மருந்து மேசையைத் தள்ளி வைக்கச் சொன்னார். கன்னம் ஒட்டியது தெரியாமலிருக்க வாய் நிறையச் சிரித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்களே, அதற்குச் சோறு பரிமாறியவள் நான். என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்து அந்தப் போனின் அழிச்சாட்டியம். படம் பெரிதாக இருக்கிறது, சுருக்கட்டுமா என்று கேட்டது. சரி என்று அமுக்கினேன். மூன்று முறை போகவில்லை என்றது, நான்காவது முறைதான் போயிற்று. உன் கைக்கு வந்து சேர்ந்தபோது அப்பா தபால்தலை அளவு ஆகியிருப்பார். அந்த அளவில் யார்தான் நோயாளியாகத் தெரிவார்கள்? தூரத்தில் இருப்பவர்களைப் பக்கத்தில் கொண்டுவருவதாக விளம்பரத்தில் பீற்றிக்கொள்கிறார்கள். வந்தது சட்டையும் சிரிப்பும் மட்டும்தான். கண்ணால் காண்பதும் பொய் என்று சொல்லிவைத்தது இந்தக் கருவிக்காகத்தான் போலிருக்கிறது.

நிறம் வந்திருக்கிறது என்றாயே, அது நிறமில்லையடா, மஞ்சள். கண், நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள். கல்லீரலில் கட்டி. போன வாரம் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இனிமே செக்கப்புக்கு அலைய வேணாம்மா. வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கங்க. யாராவது வரணும்னா இந்த மாசமே வரச் சொல்லுங்க" என்றார். அப்பாவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். "பாத்தியா, எல்லாம் சரியாயிடுச்சு" என்று அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார். இதை உன்னிடம் போனில் சொல்ல வந்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. அதற்கும் பெருசு பண்ணாதே என்று வைத்துவிட்டாய்.

வீட்டுக்கு வந்து உன் பதிலை அவரிடம் அப்படியே ஒப்பித்தேன். "பய நம்பிட்டான்" என்று அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கொஞ்ச நேரம் கழித்து, வருஷக் கடைசிக்கு இன்னும் எத்தனை மாசம் என்று கேட்டார். ஏழு என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இனி உனக்குப் படம் அனுப்ப மாட்டேன். இந்த உறைக்குள் ஒரு துண்டு நூல் இருக்கிறது. குப்பை என்று எறிந்துவிடாதே. இன்று காலை அப்பா தூங்கும்போது அவருடைய புஜத்தைச் சுற்றி அளந்து வெட்டியது. அதை உன் மணிக்கட்டில் சுற்றிப் பார்.

கடிதம் வந்து சேர ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் போனதுதான். அதனால் யோசிக்காதே, யாரையும் கேட்காதே, கிளம்பு. நான் எழுதியதாக அவரிடம் மூச்சுவிடாதே. லீவு கிடைத்தது, சும்மா வந்தேன் என்று சொல். உனக்கும் பொய் சொல்ல வரும் என்று அவர் தெரிந்துகொள்ளட்டும். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். இப்போது வா.

கோபம் தீராத
உன் அக்கா