எண்ணெய் கலக்காத பெட்ரோல்

அன்பு மகள் மலர்விழிக்கு,

கிள்ளானிலிருந்து அம்மா எழுதறேன். நீ, மாப்பிள்ளை, சின்னவள் மூணு பேரும் பெர்த் குளிருக்குப் பழகி நல்லபடியா இருப்பீங்கன்னு முருகனை நம்பிக்கிட்டு இருக்கேன். இங்க எங்க உடம்புக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல, மனசைப் பத்தி மட்டும் கேக்காதே. இந்தக் காலத்துல போய் அம்மா கடுதாசி எழுதறாளேன்னு பாக்கிறியா? போன்ல எப்படிடி பேசறது, அப்பா என் பக்கத்தை விட்டு நகர்றதில்ல, பாசாருக்குப் போனாலும் கூடவே வர்றார், வாய்ஸ் மெசேஜ் போட வாயைத் திறந்தா யாருக்குன்னு கேட்டுக்கிட்டு வந்து நிக்கிறார். நம்ம சீதாலெட்சுமி அவ மகளைப் பாக்க அங்க வர்றா, அவ கையில இதையும் கொஞ்சம் முறுக்கும் கொடுத்து விடறேன்.

மறதி நோய்னு டாக்டர் சொன்ன பிறகும் அப்பாவை மெஷின்கிட்ட விடலாமா, ரிப்பேர் கடையை மூடும்மான்னு போன வாரம் அந்தக் கத்து கத்துனியே. எனக்குக் கோவம் இல்ல, நீ சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா நடந்தது உனக்குத் தெரியாது. ரெங்கசாமியை ஞாபகம் இருக்கா, தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஃபேக்டரிகள்ல புல்லு வெட்டி மரம் கழிக்கிற கான்ட்ராக்ட் எடுத்திருக்கானே அவன்தான். போன மாசம் மரம் அறுக்கிற செயின்சாவைச் சாணை பிடிக்கக் கொண்டாந்தான். அரம் பிடிக்கிறதுல அப்பா கை இன்னும் தப்பல, பல்லு பல்லா அழகாத் தீட்டிக் கொடுத்தார். அதோட நிறுத்தியிருக்கலாம். டேங்க் காலியா இருக்கேன்னு அவரே பெட்ரோல் ஊத்தியிருக்கார். செயின்சாவுக்கு ஊத்தற டூ-டி எண்ணெய் கலந்த பெட்ரோல் கேனும், நாலு சக்கர புல் மெஷினுக்கு ஊத்தற வெறும் பெட்ரோல் கேனும் பக்கத்துப் பக்கத்துல இருக்குமே, வெறும் பெட்ரோலை எடுத்துட்டார். நான் பின்னால டீ ஆத்திக்கிட்டு இருந்தேன், பாவி நான் பாக்கல. ரெங்கசாமி கொல்லையில விழுந்து கிடந்த மரத்தை அறுத்துப் பாத்தான், கொஞ்ச நேரம் நல்லா ஓடுச்சு, அப்புறம் கீச்சுன்னு ஒரு சத்தம், அப்படியே இறுகிப் போச்சு, ஸ்டார்ட் கயித்தை இழுத்தா வரல.

அப்பா கழட்டிப் பாத்தார், பிஸ்டன் பூரா கீறல். உனக்குத் தெரியாததா, எண்ணெய் கலக்காம ஊத்தி மெஷினைக் கெடுத்துட்டு வர்றவனை அவர் என்ன பாடு படுத்துவார்னு. வீட்டுல உப்பில்லாம சோறு திம்பியாடா, அறிவை எங்கடா அடகு வெச்சேன்னு ரெங்கசாமியைப் பிடிச்சு உலுக்கி எடுத்துட்டார். அவன் கேனைப் பாத்தான், என்னைப் பாத்தான், தலையைக் குனிஞ்சுக்கிட்டு, ஆமாண்ணே, அவசரத்துல நான்தான் ஊத்திட்டேன், என் தப்புதான்லான்னுட்டான். பிழைப்பே அந்த மெஷின்தான் அவனுக்கு. மோட்டார் சைக்கிள் ஏறுறப்ப என்கிட்ட வந்து, அக்கா, மெஷின் இங்கயே கிடக்கட்டும், அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னான். பெத்த பிள்ளை கூட அப்படிப் பேசாது மலரு.

அவன் சொன்ன பேச்சை நான் கேட்டேனா? மறுநாள் காலையில அப்பா அதே செயின்சாவைத் தூக்கி வெச்சுக் கழட்டி, யாருடி இதுல வெறும் பெட்ரோல் ஊத்துனதுன்னு புதுசாக் கேக்கறார். உள்ளதைச் சொன்னா அடம் பிடிக்காம மருந்து சாப்பிடுவார்னு நினைச்சு, நீங்கதாங்கன்னுட்டேன். ஐயோ, சொல்லியிருக்கவே கூடாது. கேனை மோந்து பாத்தார், கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தார், ஸ்டூல்ல உக்காந்து, இனிமே என்னை நம்பி யாரு குமுதா மெஷினைக் கொண்டாருவாங்கன்னு குழந்தை மாதிரி அழுதார். உன் கல்யாணத்துல நீ கார் ஏறுறப்பகூட கண் கலங்காத மனுஷன்டி. அன்னிக்கு ரெண்டு பேருமே சாப்பிடல.

அதுக்கு அடுத்த நாள் அழுததும் மறந்து போச்சு, கேட்டதும் மறந்து போச்சு, மறுபடி அதே மெஷின், அதே கேள்வி. ஒளிச்சு வெச்சும் பாத்தேன். ரெங்கசாமி மெஷினைக் காணோம்னு ரோட்டுல இறங்கி, லோரி வர்றதுகூடத் தெரியாம போறவன் வர்றவனை எல்லாம் நிறுத்திக் கேட்டுக்கிட்டு நிக்கிறார். இழுத்துக்கிட்டு வந்து மெஷினைப் பழைய இடத்துலயே வெச்சுட்டேன். இப்ப தினம் காலையில கழட்டுவார், யாருன்னு கேப்பார், நான்தாங்க, கவனிக்காம ஊத்திட்டேன்னு சொல்வேன். தெருவே கேக்கிற மாதிரி திட்டுவார். திட்டி முடிச்சுட்டு மணல் காகிதத்தை எடுத்து பிஸ்டனைத் தேய்க்க உக்காந்தா மத்தியானம் வரைக்கும் உங்கப்பா பழைய கமலநாதன்தான், பாட்டுகூட முணுமுணுக்கிறார். சாயங்காலம் ஸ்க்ரூ எல்லாம் நானே முடுக்கி வெச்சிடறேன். பயப்படாதே, செயினைக் கழட்டிட்டேன், கடையில ஒரு சொட்டு பெட்ரோல் இல்ல. அந்தக் கடையைத்தான் நீ மூடச் சொல்றே. மூடிட்டு நான் அவரை எங்க கொண்டுபோய் உக்கார வைப்பேன்?

நீங்க மூணு பேரும் நோய்நொடி இல்லாம நல்லா இருக்கணும், பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வை, குளிருன்னு விட்டுடாதே. ஒண்ணு மட்டும் மறக்காதே. ஞாயித்துக்கிழமை நீ போன் போடறப்ப அப்பா என்னைப் பத்திக் குறை சொல்வார், இத்தனை வருஷம் கடையில இருந்தும் உங்கம்மாவுக்கு எண்ணெய் கலக்கத் தெரியலன்னு. எனக்குப் பரிஞ்சுக்கிட்டு வந்துடாதே. ஆமாப்பா, அம்மாவுக்கு எப்பவுமே கவனம் பத்தாதுன்னு சொல்லு. சிரிச்சுக்கிட்டே சொல்லு. உன் குரல் கொஞ்சம் கம்முனாலும் அவர் கண்டுபிடிச்சிடுவார், அது இன்னும் அவருக்கு மறக்கல.

உன் அம்மா,
குமுதா